குரங்குகள் மேல் போட்ட பழி

போன வருடத்துக்கு முந்தின வருடம் சித்திரை மாதம், செஞ்சியில் என் வீட்டு மாடியில் குடியிருந்த பெண்ணின் இணையத்தை நான் வேண்டுமென்றே மெதுவாக்கினேன். பதினெட்டு நாட்கள் அப்படியே வைத்திருந்தேன். ஏன் இப்படி ஆகிறது என்று அவள் என்னிடமே வந்து கேட்டபோது, குரங்குகள் மேல் பழியைப் போட்டேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. தொலைபேசித் துறையில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. வல்லத்தில் ஒருவர் வீட்டுத் தொலைபேசி ஊமையாகிவிட்டது என்று புகார் வந்தால், எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தபடியே லைனைச் சோதித்து, எத்தனையாவது கம்பத்துக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று லைன்மேனிடம் சொல்லி அனுப்புவேன். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்தப் பெருமை ஓய்வு பெற்ற பிறகும் என்னைவிட்டுப் போகவில்லை.

மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். தினமும் இங்கே மாலை ஏழு மணிக்கு, அங்கே காலை ஒன்பதரைக்கு, வீடியோவில் கூப்பிடுவான். அவன் வேலைக்கு உட்காருவதற்கு முந்தைய நேரம் அது. ஆறரை மணிக்கே நான் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்துக்கொள்வேன். ஆனால் அந்தத் தாளில் மூன்றாவது விஷயத்தைத் தாண்டி நான் போனதே கிடையாது. நாலு நிமிடம், ஐந்து நிமிடம் ஆனதும் அவன் படம் அப்படியே நின்றுவிடும். வாய் பாதி திறந்தபடி, கண் எங்கோ பார்த்தபடி. கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்துவிடும். பிறகு ஒரு குறுஞ்செய்தி வரும். நைனா, நெட் நிக்குது, நாளைக்குப் பேசறேன் என்று.

மாடியில் குடியிருந்தது மூன்று பேர். தகப்பனார் கடைவீதியில் ஒரு இரும்புக் கடையில் வேலை பார்த்தார். தாயார் வீட்டில் இருந்தார். மகள் திண்டிவனத்தில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அவள் கணினியில் இணைய விளையாட்டு ஆடுகிறவள். பொழுதுபோக்குக்கு ஆடுகிற மாதிரி இல்லை. ஐந்து பேர் கொண்ட குழு, அதற்கு ஒரு தலைவன், தினமும் பயிற்சி, ஆடி முடித்ததும் எங்கே தவறு செய்தோம் என்று திரும்பப் பார்ப்பது, எல்லாம் உண்டு. மற்ற நான்கு பேரையும் அவள் நேரில் பார்த்ததே இல்லை. ஒருவன் பெங்களூரில், ஒருவன் மதுரையில் என்று ஆளுக்கு ஒரு ஊர்.

என் இணைப்பையே அவர்களும் பகிர்ந்துகொண்டார்கள். வைஃபையில் ஆடினால் சரியாக வராது என்று அவள் சொன்னதால், என் அறையிலிருந்த ரவுட்டரிலிருந்து ஜன்னல் வழியாக மாடிக்கு ஒரு வயரை நானே இழுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் திரையின் மூலையில் இருந்த சின்ன எண்ணைக் காட்டினாள். அதற்குப் பிங் என்று பெயர். இங்கிருந்து ஒரு செய்தி விளையாட்டு நடக்கும் இடத்துக்குப் போய்த் திரும்பி வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்கிற கணக்கு. வயர் போட்டதும் அது முப்பத்தெட்டு என்று காட்டியது. எண்பதைத் தாண்டினால் கஷ்டம், இருநூறைத் தாண்டினால் எதிரி சுட்டு முடித்த பிறகுதான் அவன் வந்ததே நமக்குத் தெரியும் என்று விளக்கினாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அந்த எண்ணைப் படம் பிடித்துத் தலைவனுக்கு அனுப்ப வேண்டுமாம். அதிகமாக இருந்தால் அன்றைக்கு வேறு ஆளை வைத்து ஆடுவார்களாம்.

அந்தக் கோடையில் அவர்களுக்கு ஒரு போட்டி வந்தது. இணையத்தில் பல சுற்று ஆட வேண்டும். அதில் தேறும் குழுக்கள் சென்னையில் ஒரே அரங்கில் நேரில் உட்கார்ந்து ஆடுவார்கள். அதைப் பற்றி அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அங்க எல்லாத்துக்கும் ஒரே லைன் தாத்தா. செஞ்சியில இருக்கறவளும் ஒண்ணுதான், பெங்களூர்ல இருக்கறவனும் ஒண்ணுதான். அது வரைக்கும் போய்ட்டா போதும். அப்புறம் நான் பாத்துக்குவேன்."

போட்டிக்கான பயிற்சி மாலை ஆறரைக்குத் தொடங்கும். ஏழு மணிக்கு நான் மகனிடம் பேசிக்கொண்டிருப்பேன். மேலே அவள் குரல் கேட்கும். இடது பக்கம் பார், பின்னால் வா என்று சத்தமாகச் சொல்வாள், சிரிப்பாள். கீழே என் மகன் முகம் நின்றுபோகும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால், ஒன்றுக்கு இன்னொன்றுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். லைனைச் சோதிக்காமல் கோளாறு சொல்லாதே என்று எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் எத்தனை முறை கத்தியிருப்பேன். அன்றைக்கு நான் எதையும் சோதிக்கவில்லை. அவளிடம் ஏழு மணிக்கு ஒரு பத்து நிமிடம் நிறுத்தம்மா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மகன் என்னிடம் ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை என்பது மாடிக்குத் தெரிந்துவிடும் என்கிற கூச்சம்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அவள் கணினிக்கு மட்டும் வேகத்தைக் குறைக்கும் ஒரு கட்டுப்பாடு போட்டேன். நாலு சொடுக்கில் முடிந்துவிட்டது.

மறுநாள் மகன் இருபது நிமிடம் பேசினான். என் தாளில் எழுதியிருந்தது எல்லாம் தீர்ந்து, என்ன பேசுவது என்று நானே தேட வேண்டியிருந்தது. அங்கே அன்றைக்கு விடுமுறை என்று அவனே சொன்னான். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோளாறைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். அதற்கு அடுத்த நாளே பழையபடி ஐந்து நிமிடத்தில் படம் நின்றது. கட்டுப்பாடு போதவில்லை போலிருக்கிறது என்று அதை இன்னும் இறுக்கினேன்.

நாலாம் நாள் அவள் கீழே வந்தாள். பிங் முந்நூறு, நானூறு என்று எகிறுகிறது, கொஞ்சம் பார்க்கிறீர்களா தாத்தா என்று கேட்டாள். செல்போன் சிக்னலை வைத்து ஆடலாம் என்றால், எங்கள் தெருவை மலை மறைப்பதால் அது அதைவிட மோசம். நான் மாடிக்குப் போனேன். அவள் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். கட்டளைகள் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து பிங் சோதனையை ஓடவிட்டேன். முந்நூற்றுப் பத்து. இருநூற்றுத் தொண்ணூறு. பதில் இல்லை. நானூற்று ஐந்து. ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். எக்ஸ்சேஞ்சில் படிப்பேனே, அதே குரலில். அந்த எண்களை உண்டாக்கியவன் நான். அவற்றை எனக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி யோசிப்பதுபோல் நடித்தேன்.

கீழே உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். எனக்கும் இப்படித்தான் என்றேன். பிறகு சொன்னேன்:

"குரங்கும்மா. மொட்டை மாடியில கேபிள் மேல தொங்கியிருக்கும். உள்ளே இருக்கறது கண்ணாடி இழை. மடிஞ்சா இப்படித்தான் ஆகும்."

செஞ்சியில் இதை நம்பாதவர் யார்? கோட்டையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் எங்கள் தெருவில் ஓட்டைப் பிரிக்கும், தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கும், காயப்போட்ட துணியைக் கிழிக்கும். எந்த வீட்டில் எது கெட்டாலும் அவற்றின் பெயரைச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி வராது. அதனால்தான் சொன்னேன். கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறேன், ஆள் வருவார் என்றும் சொன்னேன். நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆள் வராததால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தகப்பனாரே வேலையில் இறங்கினார். எங்கள் பக்கத்தில் குரங்கு வராமல் இருக்கக் கேபிளில் முள் கட்டுவது வழக்கம். ஏரிக்கரையிலிருந்து ஒரு கட்டு வேலிகாத்தான் முள்ளைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்று, கம்பத்திலிருந்து வரும் கேபிளில் சாண் இடைவெளிக்கு ஒரு கிளையாகக் கட்டினார். ஐம்பது வயதுக்கு மேல் ஆனவர். உச்சி வெயில். விழுந்துவிடாமல் இருக்க அவர் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க ஊட்டு மகாராணி கப்பு வாங்கறதுக்கு நான் முள்ளு மேல நிக்க வேண்டியதா இருக்குது பாருங்க சார்" என்று சிரித்தார். அவர் மகள் ஒரு கோலை வைத்துக்கொண்டு குரங்குகளை விரட்டியபடி, "நைனா, பேசாம கட்டு, கீழ வுழுந்துட்டா குரங்குக்குத்தான் கப்பு" என்றாள். நானும் சிரித்தேன். அவர் இறங்கியபோது முழங்கை வரைக்கும் கீறலும் ரத்தமுமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே கட்டுப்பாட்டை எடுத்திருக்கலாம். முள் கட்டியதால் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். எனக்கு அவமானமும் வந்திருக்காது. எடுக்கவில்லை. மகன் முகம் அன்றும் நாலு நிமிடத்தில் நின்றது.

அவள் குழுவில் அதற்குள் பேச்சு மாறியிருந்தது. இரண்டு சுற்றில் அவளை உட்கார வைத்துவிட்டு வேறு ஒருவனை ஆட விட்டார்கள். ஆனாலும் கடைசித் தகுதிச் சுற்றுக்குத் தலைவன் அவளைத்தான் கூப்பிட்டான். அவள் ஆட்டத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. இந்த ஒரு ஆட்டம்தான், இதிலும் பிங் சரியில்லை என்றால் இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டானாம்.

ஆட்டம் ஏழு மணிக்கு. ஆறு மணிக்கு என்னிடம் வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. ஒரு உதவி கேட்டாள். ஆட்டம் நடக்கிற நேரம் முழுக்க என் கணினியில் அந்தச் சோதனையை ஓடவிட்டு, லைன் எப்போது விழுகிறது என்று நேரத்தைக் குறித்துத் தர வேண்டும். தோற்றால் அதைக் காட்டி, கோளாறு லைனில்தான், மறு ஆட்டம் கொடுங்கள் என்று கேட்கலாமாம். வேற யாரும் இங்க எனக்கு இல்ல தாத்தா என்றாள்.

சரி என்றேன். ஏழு மணிக்குச் சோதனையை ஒரு மூலையில் ஓடவிட்டுவிட்டு மகனின் அழைப்பை எடுத்தேன். நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று என்று எண்கள் வரிவரியாக வந்துகொண்டே இருந்தன. மேலே ஆட்டம் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் முகம் நின்றது. வாய் பாதி திறந்து, கண் ஒரு பக்கம் பார்த்தபடி.

பழக்கத்தில் மூலையைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. ஒரு செய்தியும் தவறவில்லை. ஒரு விநாடிகூட லைன் விழவில்லை.

திரும்ப அவன் முகத்தைப் பார்த்தேன். அசையவில்லை. அவன் முன்னால் மேசையில் காப்பிக் கோப்பை இருந்தது. அதிலிருந்து ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது.

என் மகன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான். எட்டு ஒன்பது விநாடி மூச்சைப் பிடித்தபடி இருந்துவிட்டு அழைப்பைத் துண்டித்தான். நைனா, நெட் நிக்குது என்று செய்தி வந்தது.

நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். அந்த நிமிடம் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மேலே அந்தப் பெண் ஆடிக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிய இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ரவுட்டர் பக்கம் என் முன்னாலேயே இருந்தது. நாலு சொடுக்கு. நான் கட்டுப்பாட்டை எடுக்கவில்லை. எடுத்தால், இத்தனை நாளும் அவள் காரணமே இல்லை என்று ஆகிவிடும். அவள் காரணம் இல்லையென்றால் என் மகன்தான் காரணம். அதை ஒப்புக்கொள்ளக் கை வரவில்லை. மேலே அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் கத்தினாள். பிறகு, எனக்கு நின்னுடுச்சு, எனக்கு நின்னுடுச்சு என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் மெதுவாக, சாரி ப்ரோ, சாரி ப்ரோ என்று. அதன்பின் நாற்காலியை நகர்த்துகிற சத்தம். நான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

அவள் குறித்துத் தரச் சொன்ன தாள் வெறுமையாக இருந்தது. எழுத ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் கட்டுப்பாட்டை எடுத்தேன்.

மறுநாள் காலை அவளே இறங்கி வந்தாள். குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், இனி அந்தத் தாள் வேண்டாம் என்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் வந்திருந்தாள். லைன் சரியாகிவிட்டதாம். முள் வேலை செய்கிறது போலிருக்கிறது, இனிமேல் மகனிடம் நீங்களாவது நிம்மதியாகப் பேசுங்கள் தாத்தா என்றாள். அவளுக்கு என் மகன் விஷயம் தெரிந்திருந்தது. மேலே என் குரலும் கேட்குமல்லவா.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் மாடிக்குப் போய், மூன்று பேரையும் உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப்பாடு போட்டது, கம்பெனிக்குச் சொல்லாதது, கடைசி நாள் அரை மணி நேரம் தெரிந்தே சும்மா இருந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. தாயார் முதலில் புரியாமல் மகளைப் பார்த்தார். தகப்பனார் தன் கையைப் பார்த்துக்கொண்டார். கீறல்கள் ஆறிக் கோடு கோடாக இருந்தன. அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என் பக்கத்துல ஒக்காந்து நம்பர் படிச்சீங்களே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்மா" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். தகப்பனார் வாசல் வரை வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கயிறு புடிச்சுகினு நின்னீங்களே சார்" என்று மட்டும் சொன்னார்.

நான் செய்ய முடிந்ததைச் செய்து பார்த்தேன். குழுத் தலைவனின் முகவரியைத் தகப்பனார் மூலமாகக் கேட்டு வாங்கி, நடந்ததை எல்லாம் எழுதி, தவறு முழுக்க என்னுடையது, அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். போட்டி நடத்தியவர்களுக்கும் அனுப்பினேன். அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. தலைவன் மட்டும் மூன்று வரி எழுதியிருந்தான். வேறு ஆளைச் சேர்த்துவிட்டோம், இனி மாற்ற முடியாது, அவள் நன்றாக ஆடுவாள், என் சார்பில் வருத்தம் சொல்லுங்கள் என்று. அந்த மூன்று வரியைத் தாளில் எழுதி மாடிப் படியில் வைத்தேன். யார் எடுத்தார்கள் என்று தெரியாது.

அடுத்த மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். போகிற நாள் காலையில், நான் இழுத்துக் கொடுத்த வயரை அந்தப் பெண் தானே கழற்றி, அழகாக வளையமாகச் சுற்றி, என் கதவோரம் வைத்திருந்தாள். இப்போது திண்டிவனத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கணினியை விற்றுவிட்டார்கள், இப்போதெல்லாம் ஆடுவதில்லை என்று கடைவீதியில் ஒருவர் சொன்னார். காலையில் பேருந்து நிலையத்தில் சில நாள் எதிரே வருவாள். முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. வணக்கம் தாத்தா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

மகனிடம் நான் எதையும் கேட்கவில்லை. இன்றும் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறான். மூன்று நிமிடம் ஆனதும், அவன் முகம் நிற்பதற்கு முன்னால், நெட் சரியில்லைப்பா, நாளைக்குப் பேசலாம் என்று நானே சொல்லிவிடுகிறேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

மாடி காலியாகவே இருக்கிறது. யாருக்கும் வாடகைக்கு விட மனம் வரவில்லை. மொட்டை மாடியில் அந்த முள் காய்ந்து கறுத்துக் கேபிளில் இன்னும் இருக்கிறது, குரங்குகள் அந்தப் பக்கம் வருவதில்லை. இணைப்பு அருமையாக இருக்கிறது. சில மாலைகளில் சோதனையை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று வந்துகொண்டே இருக்கும். கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான் என்பதைத்தான், அந்த எண்கள் ஒவ்வொன்றும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.